சொந்த காருக்கு எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) வேண்டுமா?

கேள்வி: அப்பா 2011-ல் புதிதாக வாங்கிய பெட்ரோல் கார் எங்களிடம் இருக்கிறது. அடுத்த மாதத்தோடு 15 வருடம் முடிகிறது. டாக்ஸிக்குத்தான் எஃப்.சி., சொந்த வண்டிக்கு அதெல்லாம் கிடையாது என்கிறார் மச்சான். சரியா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: மச்சான் சொல்வது இத்தனை நாள் வரை சரி, அடுத்த மாதத்துக்கு அப்புறம் தப்பு. டாக்ஸி, லாரிக்கெல்லாம் முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம். சொந்த காருக்கு 15 வருடம் வரை அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆர்.சி.யே (பதிவுச் சான்றிதழ்) 15 வருடத்துக்குத்தான் செல்லும், அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும்.

காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்தே 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதால் இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் ஏறும். பசுமை வரி தனி.

போகுமுன் சேஸ் நம்பரை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணைப் பாருங்கள். என் பழைய காரில் அந்த எண்கள் மேல் துருவும் கிரீஸும் அப்பிக்கிடந்தன. பென்சிலால் தேய்த்து அச்செடுத்தால் 3 எது, 8 எது என்றே தெரியவில்லை, மண்ணெண்ணெய்த் துணியால் அரை மணி நேரம் துடைத்த பிறகுதான் தெளிவாக விழுந்தது. அதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். லைட், ஹாரன், வைப்பர், டயர் எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக்கை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 15 வருடமாக எந்த அதிகாரியும் பார்க்காத வண்டியில்தான் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டுகிறோம்.

புகைச் சான்றிதழுக்கு இந்த 15 வருடச் சலுகை கிடையாது. புது வண்டிக்கு முதல் ஒரு வருடம்தான் விலக்கு. பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கும் தரநிலை. பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டியென்றால் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும், அதற்கு முந்தையது என்றால் ஆறே மாதம். சென்னை மாதிரி பெருநகரங்களுக்கு 2010-லேயே பி.எஸ்.4 வந்துவிட்டது, நாடு முழுக்க வர 2017 ஆயிற்று. உங்கள் கார் 2011-ல் தென்காசிப் பக்கம் பதிவானது என்றால் பி.எஸ்.3-ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், எதற்கும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ்தான் கட்டியிருக்கிறோமே என்று ஆர்.சி.யைத் தள்ளிப்போடாதீர்கள். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓட்டிய கார் திருடுபோன வழக்கில், பாலிசி இருந்தும் இழப்பீடு கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: எலெக்ட்ரிக் காருக்கும் இதெல்லாம் உண்டா?
– வாசகி, கோவை

பதில்: புகையே இல்லாததால் புகைச் சான்றிதழ் வேண்டாம். 15 வருடக் கணக்கு அதற்கும் உண்டு, ஆனால் பேட்டரி வண்டிகளுக்கு ஆர்.சி. எடுக்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் கிடையாது என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.