பலகையும் மெழுகும்: வாசகர் கேள்வி பதில்

பிறந்த வீட்டில் தஞ்சாவூர் ஓவியப் பலகை, புகுந்த வீட்டில் சுவாமிமலைச் சிலை வார்க்கும் மெழுகு என்று நாற்பது வருடம் ஓடிவிட்டது. சாமி படம், சாமி சிலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "இதில் எவ்வளவு தங்கம்?" என்பதுதான். சரி, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாமியார் வீட்டிலிருந்து வந்த தஞ்சாவூர் கிருஷ்ணர் படம், மூன்று தலைமுறைப் பழசு. மேலெல்லாம் கறுத்திருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா? தங்கம் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மன்னார்குடி வாசகி

முதலில் அந்தத் துணியைக் கீழே வையுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பெரியப்பாவின் பட்டறைக்குப் பழுது பார்க்க ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன் வந்திருந்தான். நல்ல கொழுகொழு கன்னம். அதில் புகை படிந்திருக்கிறதே என்று பாவாடை நுனியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கன்னம் துணியோடு வந்துவிட்டது. பெரியப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தப் பாவாடையை வாங்கி ஆணியில் மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இதுதான் கிருஷ்ணனின் கன்னம்" என்று காட்டினார். அடித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், பழைய படத்தில் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் கோந்துதான். பலா மரப் பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்துப் பூசிய வெள்ளைத் தளம். நகை, தூண், மண்டபம் எல்லாம் புடைப்பாகத் தெரிகிறதே, அதுவும் அதே மாவில் செய்த மக்கு வேலைதான். தண்ணீர் பட்டால் எல்லாமே இளகும். (இப்போது பலாவுக்குப் பதில் ப்ளைவுட், வண்ணமும் பெரும்பாலும் போஸ்டர் கலரோ அக்ரிலிக்கோ.)

தங்கத்துக்கு வருவோம். மக்கு காய்ந்தபின் அதன்மேல் ஒட்டுவது தங்க ரேக், அதாவது தங்கத் தாள். பெருமூச்சு விட்டால் பறந்துவிடும், அவ்வளவு மெல்லியது. மொத்தத்தையும் சுரண்டினாலும் ஒரு மோதிரம் தேறுவது கஷ்டம். அசல் ரேக் கறுக்காது. கறுப்பது அதன்மேல் படிந்த விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். போலி ரேக்காக இருந்தால் உலோகமே மங்கிப் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறும். சட்டத்தின் விளிம்புக்குள் புகை எட்டாத மூலையை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மஞ்சள் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பார்க்க வேண்டியது தங்கத்தை அல்ல, விரலை. மக்கையும் கல்லையும் யார் வேண்டுமானாலும் பழகி ஒட்டிவிடலாம். வெண்ணெய் உருண்டையைப் பிடித்திருக்கும் ஐந்து விரலும் தனித்தனியாக, எலும்பு இல்லாத குழந்தை விரலாக வந்திருக்கிறதா? கண்ணின் மேல்கோடு ஒரே இழுப்பில் போயிருக்கிறதா, நடுவில் தயங்கி நின்று போயிருக்கிறதா? ரேக் ஒட்டும் உதவியாளர் நாலு பேர் இருப்பார்கள்; அந்தக் கோட்டை இழுப்பவர் ஒருவர்தான்.

படத்தை மழைச்சாரல் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்புறம் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று போகும். வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் பழுது பார்க்கத் தெரிந்த ஓவியரிடம் கொடுங்கள். சட்டம் போடுகிற கடையில் "நாங்களே டச்சப் செய்கிறோம்" என்பார்கள். புதுப் பெயிண்ட் அப்பிய பழைய கிருஷ்ணர்கள் என்னிடம் எத்தனையோ வந்துவிட்டார்கள்.

வீட்டில் நடராஜர் சிலை வைத்தால் சண்டை வருமாமே?
– பண்ருட்டி வாசகர்

எங்கள் வீட்டில் மூன்று நடராஜர் இருக்கிறார்கள். சண்டையும் இருக்கிறது. ஆனால் அது நடராஜர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

வாங்கி வையுங்கள். வைத்த அன்று காதுகளைப் பாருங்கள். வலது காதில் ஆண் அணியும் குழை, இடது காதில் பெண் அணியும் தோடு. உடம்பில் பாதி அம்மன் என்பதைச் சிற்பி அந்த ஒரு இடத்தில் சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விட்டான். கடையில் இரண்டு காதிலும் ஒரே மாதிரி வளையம் மாட்டிய நடராஜரைக் காட்டினால், வேறு ஒன்று காட்டச் சொல்லுங்கள்.

சுவாமிமலையில் எல்லாச் சிலையும் ஒரே முகமாக இருக்கிறதே, அச்சில் அடிப்பதுதானே?
– ஓசூர் வாசகர்

இதை என் மாமனார் காதில் போட்டிருந்தால் அன்று சாப்பிட்டிருக்க மாட்டார்.

சுவாமிமலையில் ஒரு சிலைக்கு ஒரு அச்சுதான். அதுவும் உடைபடத்தான் செய்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தை முழுதாகச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்து ஒரு பூச்சு. மோதிரத்தின் கோடுகூட அந்தப் பூச்சில் பதிந்தாக வேண்டும். அப்புறம் கரடான மண், சுற்றி இரும்புக் கம்பி. நிழலில் காயவைத்து வறட்டி மூட்டிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே சாமி வடிவத்தில் ஒரு வெற்றிடம். அதில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பது. நடுவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினால் மெழுகும் போச்சு, மண்ணும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. செய்த மெழுகைத் தராசில் வைத்து, எடைக்கு எடை கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு உலோகம் எடுத்துவைப்பார்கள். சோழர் காலத்துத் திருமேனிகளைப் போல உள்ளே கூடில்லாமல் கெட்டியாக வார்ப்பதால் அவ்வளவு பிடிக்கும்.

பிறகு எப்படி முகம் ஒன்றுபோல வருகிறது? ஒரு தென்னை ஓலையால். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து ஓலைக்கீற்றை மடித்துக்கொண்டிருந்தார். பேரனுக்கு ஊதல் செய்கிறார் என்று நினைத்தேன். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கிக்கொண்டு, அதை மடித்து மடித்தே முழு உடம்பின் அளவையும் எடுத்துவிடுவார். அதற்கு ஓடி ஓலை என்று பெயர். நவதாளம் என்றால் உயரத்தை ஒன்பது தாளமாகப் பிரிப்பது, ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் ஸ்கேலில் இல்லை. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். முகம் ஒரு தாளம், கழுத்தடியிலிருந்து மார்பு ஒன்று, மார்பிலிருந்து தொப்புள் ஒன்று, அதிலிருந்து அடிவயிற்றின் முடிவு வரை ஒன்று, தொடை இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. மிச்சமுள்ள ஒரு தாளத்தைக் கழுத்து, முட்டி, பாதம் மூன்றும் நாலு நாலு அங்குலமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், 108 வரும். சிவன், விஷ்ணு போன்ற பெரிய மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது பத்துத் தாள அளவுகளிலேயே உயர்ந்தது, 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்தே தாளம், அதனால்தான் எந்த ஊரில் செய்தாலும் அவர் குழந்தையாகவே இருக்கிறார்.

ஓலை அளவைத்தான் கொடுக்கும். உதட்டு ஓரத்தை எந்த மடிப்பும் சொல்லாது. ஒரே ஓலையில் மாமனாரும் என் கணவரும் செய்த இரண்டு அம்மனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். மாமனாருடைய அம்மன் ஏதோ கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்குகிறாள். என் கணவருடையவள் கொஞ்சம் கண்டிப்பு.

ஐம்பொன் சிலையில் தங்கம் எத்தனை பங்கு? 'கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஐம்பொன் சிலை' என்று செய்தி வருகிறதே!
– தேனி வாசகர்

பெரும்பங்கு செம்பு. மற்றதெல்லாம் கொஞ்சம், தங்கமும் வெள்ளியும் பேருக்குத்தான். உபயதாரர் வீட்டுப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பழைய மூக்குத்தியை உலோகம் உருக்கும் மூசையில் போட்டுக் கும்பிடுவாள், அவ்வளவுதான் அந்தச் சிலையின் தங்கம். கோடி என்பது உலோகத்துக்கு அல்ல, வயசுக்கும் கைக்கும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, திருட்டுச் சொத்து என்று தெரிந்தபின் 2014இல் திருப்பித் தந்தது. அந்த விலைக்குச் செம்பு வாங்கினால் ஊரெல்லாம் அண்டா கொடுக்கலாம்.

குருப்பெயர்ச்சிக்குத் தட்சிணாமூர்த்தி படம் வாங்கலாமா?
– சேலம் வாசகி

தாராளமாக வாங்குங்கள். ஆனால் அவர் வியாழன் அல்ல. ஆலமரத்தடியில் தெற்கு நோக்கி, காலடியில் முயலகன், சுற்றி முனிவர்கள் என்று உட்கார்ந்திருப்பவர் சிவன். பெயர்ச்சி ஆகிறவர் நவக்கிரக மேடையில் நிற்கிறார். இருவருக்கும் சேர்த்து ஒரே கொண்டைக்கடலை மாலை.

காலண்டர் லட்சுமி புடவை, ரவிக்கையோடு இருக்கிறாள். அருங்காட்சியகத்துச் சிலைகளில் அப்படி இல்லையே. எது சரி?
– காரைக்குடி வாசகி

என் மகளும் இதைக் கேட்டாள். சிற்பி செய்வது உடம்பை. துணி உடுத்துவது அர்ச்சகர் வேலை என்று அவனுக்குத் தெரியும். கோயிலில் உற்சவரை நீங்கள் எப்போதாவது அபிஷேகத்தின்போதுதான் அந்த வடிவில் பார்ப்பீர்கள். அதுவும் திரை போட்டுவிடுவார்கள். அருங்காட்சியகத்தில் உடுத்திவிட ஆள் இல்லை.

காலண்டர் லட்சுமியின் கதை வேறு. கிளிமானூர் ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் வைத்துத் தன் ஓவியங்களைக் கல்லச்சில் அடித்துவிட்டார். புடவை கட்டி, தாமரையில் நிற்கும் லட்சுமி எல்லா வீட்டுச் சுவருக்கும் வந்தது அப்படித்தான். நம் பக்கம் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசி அச்சடித்தது. சிற்பிகளில் சிலர் காலண்டர் முகம் என்றாலே உதட்டைப் பிதுக்குவார்கள். நான் மாட்டேன். கோயிலுக்குள் நுழைய விடாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் வீட்டுக்கும் சாமி நடந்து போனது அந்தக் காகிதத்தில்தான்.

தென்னைக்குக் குழி வெட்டும்போது ஒரு சிறிய அம்மன் சிலை கிடைத்தது. வீட்டிலேயே வைத்துக் கும்பிடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

வேண்டாம் ஐயா. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரியப்படுத்தியாக வேண்டும். (பத்து ரூபாய்தான், அச்சுப்பிழை இல்லை.) நாளைக் காலை கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்லுங்கள், சொன்னதை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் மண்ணும் களிம்பும் எத்தனை காலம் புதைந்திருந்தாள் என்பதற்குச் சாட்சி.

தஞ்சாவூர் போகிறோம். பெரிய கோயில் பார்த்தபின் ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஒரே ஒரு சிலை பார்க்கலாம் என்றால் எது?
– திண்டுக்கல் வாசகி

அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன், எங்கே என்று கேளுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், ராஜராஜன் காலம்.

ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, காளைமேல் ஒரு கையைச் சாய்த்து நிற்கிறார். ஆனால் காளை இல்லை. கை மட்டும் காற்றில் இருக்கிறது. நான் முதல் தடவை போனபோது கூட வந்த என் நாத்தனார் "இவர் எதுமேல் சாய்ந்திருக்கிறார்?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லாத காளையின் உயரம்கூட அந்த முழங்கையிலிருந்து தெரிகிறது. முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சடையைத் தலைப்பாகை மாதிரி சுற்றிப் பாம்பை வைத்துக் கட்டியிருக்கிறார், அதைப் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று உங்கள் வீட்டுக்காரர் கூப்பிடுவார். இன்னும் ஐந்து நிமிடம் என்று சொல்லுங்கள்.