துறைகளை இணைக்கிறார்களே, மகளைக் கடலோரக் காவல்படைக்கு அனுப்பலாமா?

உங்கள் மகளுக்குக் கடலோரக் காவல்படையில் சேர ஆசை. ஆனால் அந்தப் படை, சுங்கத்துறையின் கடல் பிரிவு, மீன்வளத்துறையின் ரோந்துப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபடுகிறது. "சேர்ந்த பிறகு படையையே கலைத்துவிட்டால் என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்கு வரவேண்டிய பயம்தான்.

நிஜமாகவே கலைத்த ஒரு நாட்டைப் பார்ப்போம். 2014 ஏப்ரலில் தென்கொரியாவில் சேவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். மீட்புப் பணியில் கோட்டைவிட்டார்கள் என்று நாடே கொதித்தது. அடுத்த மாதமே கடலோரக் காவல்படையைக் கலைப்பதாக அதிபர் அறிவித்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் அது ஒரு புதிய அமைச்சகத்துக்குள் ஒரு பிரிவாகச் சுருங்கியது. 2017ல் மீண்டும் தனி அமைப்பாகிவிட்டது. இடைப்பட்ட காலத்திலும் ரோந்துக் கப்பல்கள் ஓடின, அவற்றை ஓட்ட ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஆனால் புலனாய்வு வேலையின் ஒரு பகுதி போலீஸுக்குப் போனது. ஆக, படை கலைந்தாலும் கப்பல் வேலை தொடர்ந்தது. கரையில் இருந்த வேலைதான் கைமாறியது.

இணைப்பு ஏன் நடக்கிறது என்பதையும் மகள் புரிந்துகொள்வது நல்லது. ஒரே படகை வலைக்கண் அளவு பார்க்க ஒரு துறை நிறுத்தும், சரக்கைச் சோதிக்க இன்னொரு துறை நிறுத்தும். மீன் பெட்டிக்கு அடியில் கடத்தல் பொட்டலத்தைக் கண்ட மீன்வள அதிகாரிக்குக் கைதுசெய்யும் அதிகாரம் இருக்காது. அதிகாரம் உள்ளவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் சட்டமே வேறு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் இணைக்கிறார்கள். அமெரிக்காவில் 1915ல் வருவாய்த்துறை ரோந்துக் கப்பல்களையும் உயிர்மீட்புச் சேவையையும் சேர்த்துத்தான் கடலோரக் காவல்படையை உருவாக்கினார்கள். அது நிதித்துறையிலிருந்து 1967ல் போக்குவரத்துக்கும், 2003ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் மாறியது. படை இன்றும் இருக்கிறது.

சரி, அப்போது கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் அது வேறு இடத்தில். புதிய அமைப்பு ராணுவமா, சிவிலியனா என்று பாருங்கள். சீனாவில் 2013ல் கடல் கண்காணிப்பு, மீன்வளம், சுங்கம், எல்லைக்காவல் என நான்கு அமைப்புகளை இணைத்துக் கடல் நிர்வாகத் துறையின் கீழ் வைத்தார்கள். 2018ல் அதை ஆயுதப் போலீஸ் படைக்குள் கொண்டுபோனார்கள், அதாவது ராணுவத் தலைமையின் கீழ். கனடாவிலோ 2025ல் கடலோரக் காவல்படை பாதுகாப்புத் துறைக்கு மாறியும் சிவிலியன் அமைப்பாகவே தொடர்கிறது. துறையின் பெயரைப் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது. வேலையை விட்டு விலகும் உரிமை, ஒழுங்கு நடவடிக்கை எந்தச் சட்டப்படி, போர் வந்தால் யார் கட்டளையிடுவார்கள் என்பதெல்லாம் அமைப்பு ராணுவமா, சிவிலியனா என்பதைப் பொறுத்தவை.

அடுத்தது பணிமூப்பு. மூன்று துறைகளின் பட்டியலை ஒன்றாக்கும்போது யார் மூத்தவர் என்ற தகராறு வரும், பதவி உயர்வு வருடக்கணக்கில் தேங்கலாம். இணைப்புக்கு முன் சேர்பவர்களின் பணிமூப்பு, ஓய்வூதியம் பற்றிப் பணி விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்திடட்டும். வாய்மொழி உறுதியை நம்பவே வேண்டாம்.

மகளிடம் நான் சொல்ல விரும்புவது: எந்தப் பெயர்ப்பலகை மாட்டினாலும் தேவைப்படும் வேலையைக் கற்றுக்கொள். கப்பல் செலுத்துதல், என்ஜின், ரேடியோ, தேடல்-மீட்பு இவற்றில் ஒன்று. கூடவே சாட்சியம் கெடாமல் அறிக்கை எழுதும் பழக்கம். நீதிமன்றத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான். இங்கே பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் தரங்களை வகுக்கும் எஸ்டிசிடபிள்யூ சர்வதேச ஒப்பந்தம் வணிகக் கப்பல்களுக்கானது, அரசு ரோந்துக் கப்பல்கள் அதன் வரம்பில் இல்லை. படையில் கழித்த கடற்காலம் பின்னாளில் வணிகக் கப்பல் சான்றிதழுக்குத் தானாகக் கணக்கில் வந்துவிடாது. வருமா, எந்த அளவுக்கு வரும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வெளியே வர நினைத்தால் அவளுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நிறப்பார்வைச் சோதனையை எடுத்துவிடுங்கள். இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கணிப்பார்கள், அதனால் கப்பல் செலுத்தும் பிரிவில் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். குறை இருப்பது இப்போதே தெரிந்தால், கடல்சார் சட்டம் போன்ற வேறு படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் நேரமிருக்கிறது.