கடைவாசல் பேச்சு – கடிதம்

வணக்கம் சார்,

திருச்சியில் மாடித்தோட்டத்துக்கான விதை, குரோ பேக், கோகோபீட் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடிக்கையாளர்கள் சிலர் கடைவாசலில் கூடித் தோட்டம் பற்றிப் பேசுவார்கள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது ஒருவர், “உங்க வெண்டை விதை பாதிகூட முளைக்கல” என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். யூரியா போடலாமா கூடாதா என்று இரண்டு பேர் வாராவாரம் சண்டை. பெரியவர் ஒருவர் பையில் வேப்பம் புண்ணாக்கு கொண்டுவந்து என் வாசலிலேயே விற்கிறார். “டீ வாங்கிக் கொடுத்து வம்பை விலைக்கு வாங்குறே” என்கிறார் என் கணவர். நிறுத்திவிடலாமா?

க.

அன்புள்ள க.,

நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. பேச இடம் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் எட்வர்ட் லாய்டுதான் நினைவுக்கு வருவார். 1680களின் கடைசியில் லண்டன் டவர் தெருவில் காபிக்கடை நடத்தியவர். வந்தவர்கள் கப்பல் தலைவர்கள், கப்பல் முதலாளிகள், கடல் சரக்குக்குக் காப்பீடு எழுதுகிறவர்கள். லாய்டு காப்பீடு எழுதியவரல்ல, காபி விற்றவர். ஆனால் வந்தவர்களுக்கு எது தேவை என்று தெரிந்து வைத்திருந்தார். பேனா, மை, காகிதம் வைத்தார். துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை என்று விசாரித்துவரச் செய்தார். அங்கே கப்பல்கூட ஏலம் போனது. ஒரு அங்குல மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைப்பார்கள்; அது அணையும்போது கடைசியாகக் கேட்டவருக்குக் கப்பல். 1691இல் கடையை லம்பார்ட் தெருவுக்கு, தபால் தலைமையகத்தின் பக்கத்திலேயே மாற்றிக்கொண்டார். கெட்டிக்காரர்! இன்றைய லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை அந்த மேசைகளில் தொடங்கியதுதான்.

உங்களுக்குப் பயன்படுவது அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு நடந்தது. 1760களில் அந்தக் கடையில் சூதாட்டம் புகுந்தது. நோயில் கிடக்கும் பிரமுகர் பிழைப்பாரா மாட்டாரா என்றெல்லாம் பந்தயம் கட்டினார்கள். கடைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை, கூட்டம் வந்தால் சரி என்று இருந்துவிட்டார்கள். ஒழுங்காகத் தொழில் செய்தவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 1769இல் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த தாமஸ் ஃபீல்டிங் என்பவரைக் கொண்டு போப்ஸ் ஹெட் சந்தில் ‘புதிய லாய்ட்ஸ்’ என்று வேறு கடை திறந்து, அங்கே போய்விட்டார்கள். பேரும் அவர்களோடு போய்விட்டது. பழைய கடை அதற்குப் பின் தேறவில்லை.

ஆக, நீங்கள் பயப்பட வேண்டியது குறை சொல்கிறவரைப் பார்த்து அல்ல. சத்தம் தாங்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல், வருவதை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்துத்தான். யூரியாக்காரர்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: தன் செடிக்கு என்ன போட்டேன், என்ன ஆனது என்று பேசலாம், எதிராளியின் அறிவைப் பற்றிப் பேசக் கூடாது. கேட்காதவருக்கு அடுத்த வாரம் டீ இல்லை. கடை உங்களுடையது, சொல்ல உரிமை உண்டு.

வெண்டைக்காரர் கதை வேறு. நீங்கள் அன்று என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. சிரித்து மழுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் எல்லார் முன்னாலும் கேட்டார், பதிலும் எல்லார் முன்னாலும்தான் இருக்க வேண்டும். இந்தியாவில் சான்று விதைக்கான தரத்தில் வெண்டையின் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். அதாவது நல்ல விதையிலேயே நூற்றுக்கு 35 வரை முளைக்காமல் போகலாம். இது வாங்குகிறவர் பலருக்குத் தெரியாது. விற்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர் வாங்கிய அதே லாட் (ஒரே எண்ணிட்டு வந்த விதைத் தொகுதி) கையிருப்பில் இருந்தால், ஞாயிறன்று அவரையே இருபது விதை எண்ணச் சொல்லி, ஈரத்துணியில் சுருட்டி மேசைமேல் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அவரே பிரித்து எண்ணட்டும். பதின்மூன்றோ அதற்கு மேலோ வேர் விட்டிருந்தால் விதையில் குற்றமில்லை. ஆழமாக ஊன்றினாரா, தண்ணீர் தேங்கியதா என்று மற்றவர்களே கேட்டுவிடுவார்கள். ஏழெட்டுதான் வந்ததென்றால் அங்கேயே வேறு லாட் பாக்கெட் கொடுத்துவிட்டு, மீதியை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். நஷ்டம் சில நூறு ரூபாய்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். விதை, லாட் எண், விதைத்த தேதி, இருபதுக்கு எத்தனை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். லாய்டு துறைமுகத்துக்கு ஆள் அனுப்பியதற்கு ஈடாக உங்களால் செய்ய முடிந்தது இதுதான். ஒரு வருஷம் ஓடினால், திருச்சி வெயிலில் மொட்டைமாடியில் எந்த ரகம் எந்த மாதம் தேறுகிறது என்பது அந்த நோட்டில் இருக்கும். எந்த விதைக் கம்பெனியின் விளம்பரத்திலும் அது கிடைக்காது.

அந்தக் காலைகளில் நீங்களாக எதையும் விற்க முனையாதீர்கள். கேட்டால் எடுத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

வேப்பம் புண்ணாக்குப் பெரியவரை என்ன செய்வது என்றால், முதலில் ஒரு கிலோ வாங்கிப் பாருங்கள். சரக்கு நன்றாக இருந்தால் மொத்தமாக என்ன விலைக்குத் தருவார் என்று கேட்டு உங்கள் கடையிலேயே வைத்து விற்கலாம். நன்றாக இல்லையென்றால், “ஐயா, பேச வாங்க, பை வேண்டாம்” என்று சொல்லிவிடலாம்.