எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? (ஏரி, அணை மீன் ஆய்வு: கேள்வி-பதில்)

மீன் சாம்பிளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலில் 40% என்று போட்டிருக்கிறது. 10% வேண்டுமென்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் போதும்தானே?

போதாது. பாட்டிலில் இருப்பதையே நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். உங்கள் கணக்கில் கலந்தால் இரண்டரை மடங்கு காட்டமாகிவிடும், கண்ணும் மூக்கும் எரியும். பெரிய மீனாக இருந்தால் வயிற்றைக் கொஞ்சம் கீறிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும். கையுறை கட்டாயம்.

சாம்பிள் பாட்டிலில் எழுதியது அழிந்துபோகிறது. எந்த மார்க்கர் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம், பென்சில் போதும். கெட்டித் தாளில் இடம், தேதி, நேரம், ஆழம் நான்கையும் எழுதி பாட்டிலுக்கு உள்ளேயே போடுங்கள். மூடியில் எழுதவே எழுதாதீர்கள். கழுவும்போது மூடிகள் மாறிப்போகும்.

எங்கள் ஏரியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மி.கி. இருந்தது. மறுநாள் காலையில் பெரிய கட்லாக்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? கடிதத்தில் இல்லை. எந்த ஆழத்தில்? அதுவும் இல்லை. நானே சொல்கிறேன்: அலுவலகம் திறந்து, டீ குடித்து, ஜீப் வந்து, ஏரிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். கரையோரத்தில் மேல் தண்ணீரை மொண்டிருப்பீர்கள். வருஷக்கணக்காக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே ஏழரை மி.கி.தான். உங்களுக்கு 9 வந்திருக்கிறது என்றால் மிச்சம் பாசி உண்டாக்கியது. அதாவது தண்ணீர் பச்சைப் பசேல் என்று இருந்திருக்கிறது. அதே பாசி ராத்திரி முழுக்க மூச்சு விடும், ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலை ஐந்து மணிக்கு 1 மி.கி.கூட மிஞ்சாமல் போகலாம். நீங்கள் நல்ல செய்தி என்று நினைத்த 9-தான் எச்சரிக்கை. முந்தின நாள் மேகம் மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெரிய மீன் செத்து சின்ன மீன் பிழைத்திருந்தால், அதுவும் விடிகாலையில் என்றால், முதலில் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள். விஷம் பொதுவாக அளவு பார்க்காது. சூரியன் வருவதற்கு முன்னால் போய், மேலேயும் அடியிலேயும் தனித்தனியாக எடுங்கள். விங்க்ளர் முறை (தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை மருந்து ஊற்றிப் படிவாக்கி அளப்பது) என்றால் கரையிலேயே இரண்டு மருந்தையும் ஊற்றி நிலைப்படுத்திவிடுங்கள். பாட்டிலில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. படிவு நல்ல பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. பால் மாதிரி வெள்ளையாகவே நின்றால் இல்லை. டைட்ரேஷன் (துளித்துளியாகக் கரைசல் விட்டுச் சரியான அளவைக் காண்பது) எல்லாம் அப்புறம். சாம்பிளை அப்படியே ஆய்வகத்துக்குத் தூக்கிப்போய் அங்கே மருந்து ஊற்றுகிறவர்கள் எனக்கு எழுதவே வேண்டாம்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு செக்கி தட்டை (தண்ணீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் இறக்கும் தட்டு) பார்க்கலாமா?

கூடாது. படகின் நிழல் பக்கம், உச்சி வெயிலை ஒட்டிய நேரம், வெறுங்கண். தட்டு மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம், இரண்டுக்கும் சராசரி. மழைக்கு மறுநாள் 20 செ.மீ. வந்தால் அது சேறு. மிதவையுயிர் (தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள்) பெருகிவிட்டது என்று அறிக்கை எழுதாதீர்கள்.

50 மி.மீ. கண்ணி (வலைக் கண்) உள்ள செவுள் வலையில் விழுந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அணையில் குஞ்சுகளே இல்லை என்று எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள், படிக்கிறவர் சிரிப்பார். அந்தக் கண்ணியில் அந்த அளவு மீன்தான் மாட்டும். சின்னது நுழைந்து போய்விடும், பெரியது முட்டித் திரும்பிவிடும். 30-லிருந்து 120 வரை நாலைந்து கண்ணி அளவில் வலை விடுங்கள். வலை விட்ட நேரம், தூக்கிய நேரம், வலையின் நீளம் குறித்திருக்கிறீர்களா? குறிக்காவிட்டால் போன மாதப் பிடிப்போடு ஒப்பிடவே முடியாது.

ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. ஊர் ஏரியில் விடலாமா?

விடாதீர்கள். 2000-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஏரி நிரம்பி மறுகால் போனால் அடுத்த ஏரிக்கும் போய் அங்குள்ள நாட்டு மீனையும் தின்னும்.

எனக்கு நீச்சல் தெரியாது. இந்த வேலைக்கு வரலாமா?

ஆய்வக மேசை வேலை மட்டும் என்றால் வரலாம். அரசின் மீன்துறை உதவியாளர் வேலைக்கு நீச்சலும் வலை பின்னவும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். வலையில் கால் சிக்கினால் எவ்வளவு நீச்சல் தெரிந்தும் பிரயோஜனமில்லை. ஆடிக் காற்றில் மேட்டூர் அணையில் பரிசல் ஏறுகிற தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பி.எச். மீட்டரின் (தண்ணீரின் அமில-காரத் தன்மையை அளக்கும் கருவி) எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டரில் போட்டு வைக்கிறோம். சரிதானே?

தப்பு. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். புது எலக்ட்ரோடு வாங்கப் பணம் கேட்டு எழுதுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.