நான் சக ஆதரவுப் பணியாளர்; மனநோயிலிருந்து மீண்டு வந்து, அதே நிலையில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கிறேன். நான் துணை நிற்கும் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக என்னிடம் சொன்னார். அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்துச் சொல்லும்படி டாக்டர் என்னைக் கேட்கிறார். நிறுத்தியதை டாக்டரிடம் நான் சொல்லலாமா?

மாத்திரையை நிறுத்தியவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். "டாக்டரிடம் நீங்களே சொல்கிறீர்களா, நானும் கூட வரட்டுமா?" என்று முதலில் அவரிடமே கேளுங்கள். லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து) போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் சீக்கிரமே திரும்பக்கூடும். அதனால் இன்றே கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்துச் சொல்லும்படி டாக்டர் உங்களைக் கேட்பதற்குக் காரணம், சக ஆதரவுப் பணியாளரின் வேலை என்னவென்று அவருக்கு யாரும் விளக்காததாக இருக்கலாம். உங்கள் பணி விவரத்தை எடுத்துப் பாருங்கள். எதைப் பகிர வேண்டும், எதைப் பகிரக் கூடாது என்று அதில் இல்லையென்றால், டாக்டரோடு உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். நீங்களும் அந்த வழியே வந்தவர் என்றுதானே மாத்திரையை நிறுத்தியவர் உங்களிடம் மனம் திறந்தார்! அந்த நம்பிக்கை போனால் சிகிச்சைக்கும் நஷ்டம்.

ஒன்று மட்டும்: தற்கொலை எண்ணமோ பிறருக்கு ஆபத்தோ தெரிந்தால் சிகிச்சைக் குழுவிடம் உடனே சொல்லியாக வேண்டும். இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.