கொழும்பிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்ப: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. காலி, உனவட்டுன, பெந்தோட்டை மூன்றையும் ரயிலில் ஒரே நாளில் காட்டிவிட்டு வரலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: மூன்றும் வேண்டாம், தங்கச்சி. காலி மட்டும் போதும். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட ஏறி இறங்குவதுதான் பெரிய கரைச்சல். நம் ரயில் பெட்டிகளின் படிகள் எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். என் அம்மாவைக் கூட்டிப் போனபோது நான் முதலில் ஏறி நின்று கை கொடுத்தேன், தம்பி கீழே நின்று முதுகைத் தாங்கிக்கொண்டான். நீங்களும் இரண்டு பேராகப் போங்கள்.

வீட்டுக்குப் பக்கம் என்று வெள்ளவத்தையில் ஏற நினைக்காதீர்கள். ஓட்டோ பிடித்து மருதானைக்குப் போய்விடுங்கள். காலிப் பக்க ரயில்கள் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கொழும்புக் கோட்டை நிலையத்தில் சனம் ஏறுமுன் அம்மாவை யன்னலோரம் இருத்திவிடலாம். போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். கடல் அங்கேதான். கொள்ளுப்பிட்டி தாண்டினால் அலை தண்டவாளத்துக்குக் கிட்ட வந்து உடையும். பிறகு தினமும் நடந்து திரியும் வெள்ளவத்தை ஒழுங்கைகளின் முனைகள் ஒவ்வொன்றாக ஓடி மறையும். என் அம்மா அவற்றைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தா. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

ஹிக்கடுவைக்குச் சற்று முன் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ரயிலையே புரட்டிப்போட்ட இடம். ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே போயின. அவ்விடத்தைக் கடக்கும்போது எங்கள் பெட்டியில் ஒரு வயதானவர் எழுந்து நின்று கும்பிட்டார். அன்றிலிருந்து நானும் அப்படியே செய்கிறேன்.

இரண்டரை, மூன்று மணி நேரத்தில் காலி. நிலையத்திலிருந்து காலிக் கோட்டை கிட்டத்தான், ஆனாலும் ஓட்டோவில் போங்கள். பழைய வாசலில் நிறுத்தச் சொல்லி, வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரச முத்திரையைப் பாருங்கள். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், 1669 என்ற ஆண்டோடு. இரண்டு சிங்கங்களுக்கு மேலே ஒரு சேவல் நிற்கும், அதை அம்மாவுக்குக் காட்டுங்கள். அப்புறம் வெளிச்சவீட்டுப் பக்கம் நிழல் பார்த்து இருந்தால் போதும், காற்று சும்மா அள்ளிக்கொண்டு வரும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், கோட்டைக்குள் விலை அதிகம்.

இன்னொன்று. காலிக்குப் போகும் முன் ஒரு நாள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லைப் பாருங்கள். சீனத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு வந்தது, 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியிருக்கிறார்கள். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும் காணிக்கை. 1911இல் அதைக் கண்டெடுத்தார்கள். அந்தத் துறைமுகத்தில் நம் எழுத்தும் நின்றது என்று தெரிந்துகொண்டு போனால், காலி உங்களுக்கு வேறு ஊராகத் தெரியும்.

கேள்வி: பிள்ளைகளோடு முன்னேஸ்வரமும் நீர்கொழும்பும் ஒரே நாளில்? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முடியும், ஆனால் சிலாபத்துக்குப் பக்கத்திலுள்ள முன்னேஸ்வரம் சிவன் கோயில் முதலில். விடியவே புறக்கோட்டையில் சிலாபம் பஸ் எடுங்கள். ஒருமுறை நாங்கள் நீர்கொழும்பில் மினைக்கெட்டு, பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நடை சாத்தியாயிற்று. பசியில் அழும் குழந்தையோடு பின்னேரம் வரை வெளியே காத்திருந்தோம். பூசை நேரத்தைக் கோயிலில் விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள். நேரம் இருந்தால் சிலாபத்துக்கு வடக்கே மானாவரிக்கும் ஒரு ஓட்டோ பிடியுங்கள். இராமர் மணலால் பிடித்து வழிபட்டதாகச் சொல்லும் லிங்கம் அங்கே.

திரும்பும் வழியில் நீர்கொழும்பில் கடற்கரைக்கு மட்டும் போனால் போதும். கயிற்றுப் பாய்களில் மீனைப் பிளந்து உப்பிட்டு வெயிலில் பரப்பியிருப்பார்கள். வயதான மீனவர்களிடம் தமிழில் கதை கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்ட வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

கேள்வி: ஊருக்குள்ளேயே, செலவில்லாமல்? – வாசகர், தெமட்டகொட

பதில்: பேரே வாவிக்குப் போங்கள், பின்னேரம் ஐந்து மணிக்கு. வாவிக்குள் நிற்கும் சீமா மாலகம் என்ற பௌத்த ஆலயத்தின் எதிர்க்கரையில் நின்றால் கூழைக்கடாக்கள் தெரியும். அலகைத் தண்ணீருக்குள் விட்டு எடுக்கும்போது கீழே பை விரிவதைச் சின்னவர்கள் கிட்ட நின்று பார்க்கட்டும். பௌர்ணமிப் போயா தினத்தில் வேண்டாம், பக்கத்துக் கங்காராமை விகாரைப் பக்கம் நிற்க இடம் இராது.