கழல மறுக்கும் போல்ட்: வாசகர் கேள்வி – பதில்

கே: தூத்துக்குடியில் கடலை ஒட்டி வீடு. ஒன்பது வருட ஸ்விஃப்ட். முன்பக்க ஷாக் அப்சார்பரை நானே மாற்ற இறங்கினேன். கீழே உள்ள இரண்டு போல்ட்டும் அசைந்தே கொடுக்கவில்லை. ராட்செட் மட்டும் கடகடவென்று பல் நழுவுகிறது. இன்னும் பெரிய டூல் செட் வாங்க வேண்டுமா?

ப: செட் வேண்டாம். பெட்டியில் நாற்பது பீஸ் இருந்தாலும் இந்த வேலைக்கு ஆவது இரண்டு மூன்றுதான். வாங்க வேண்டியவை: அரை இஞ்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) 60 செ.மீ. நீள பிரேக்கர் பார் (உள்ளே பற்கள் இல்லாத நீளக் கைப்பிடி), நட்டின் அளவுக்கு ஆறு பக்க சாக்கெட், மறுபுறம் போல்ட் தலையைப் பிடிக்க ஒரு ரிங் ஸ்பேனர். ராட்செட்டுக்குள் இருப்பது சின்னச் சின்னப் பற்கள். இளகிய நட்டை வேகமாகச் சுற்றி எடுக்கத்தான் அது. இறுகியதை உடைக்க அதைப் போட்டால் பல் போகும், கூடவே உங்கள் விரல் முட்டியும் போகும்.

நீளம் ஏன் முக்கியம்? 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 25 செ.மீ. ஸ்பேனரில் அது சுமார் 74 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு). அதே கை, 60 செ.மீ. பாரில் 176. உடம்பு பலத்தைக் கூட்டுவதைவிட இது சுலபம்.

ஆனால் நீளத்துக்கு முன்னால் பிடிமானம். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளில்தான் ஏறி உட்காரும். துரு தின்ற நட்டில் அந்த மூலைதான் முதலில் மழுங்கும். ஆறு பக்க சாக்கெட்டுக்கு அதைவிடக் கூடுதல் பரப்பு கிடைக்கும், மூலையும் தப்பும். அளவையும் கவனியுங்கள். ஜப்பானிய வழிக் கார்களில் 10, 12, 14, 17, 19 மி.மீ. தலைகள் அதிகம். ஐரோப்பிய வண்டிகளில் 13, 16, 18 வரும், டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) தலைகளும் வரும். பழைய அம்பாசடரில் இஞ்ச் அளவு. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 போட்டால் உள்ளே போகும், 0.3 மி.மீ. ஆடும். வெறுமனே இறுக்கிய நட்டில் அது பரவாயில்லை, துருவேறியதில் மூலையைக் காவு வாங்கிவிடும்.

செய்யும் முறை: இரும்புக் கம்பி பிரஷ்ஷால் வெளியே நீண்டிருக்கும் மரையைப் பளிச்சென்று தேயுங்கள். நட் ஏறி வரவேண்டிய வழி அதுதான். அங்கே அழுக்கு இருந்தால் பாதி வழியில் மறுபடி பிடித்துக்கொள்ளும். பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெய்) அடித்து, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள். முதல் நாள் ராத்திரி அடித்துவிட்டு மறுநாள் கை வைப்பதே உத்தமம். பிறகு போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டைத்தான் சுற்ற வேண்டும். சில கார்களில் போல்ட்டின் கழுத்தில் நெடுக்கு வரிகள் இருக்கும். தலையைச் சுற்றினால் அது உட்கார்ந்த துளையை அரித்துவிடும். முதலில் ஒரு இழை இறுக்கும் பக்கம் அழுத்திப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டது என்று அர்த்தம். கழல ஆரம்பித்ததும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய்.

கழட்டும் முன் ஷாக் அப்சார்பரின் பிராக்கெட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால் திரும்பப் பூட்ட உதவும். எப்படியும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்க வேண்டியிருக்கும்.

இம்பேக்ட் ரெஞ்ச் கையில் இருந்தால் நல்லது, விட்டுவிட்டு அடிக்கும் அடி துருவை நன்றாகவே உடைக்கும். அதற்குக் கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்தான் போட வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் அந்த அடியில் வெடித்துத் தெறிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.

கே: டபிள்யூடி-40, டீசல், மண்ணெண்ணெய்: எது நல்லது?

ப: சாதாரணத் துருவுக்கு டபிள்யூடி-40 போதும், கெட்டியான துருவுக்குப் பெனட்ரேட்டிங் ஆயில் என்றே தனியாக விற்பதை வாங்குங்கள். டீசல் அவசரத்துக்கு ஓடும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் கலப்பதாக வீடியோக்களில் வருகிறது. பெயிண்ட்டும் ரப்பரும் கெடும், தீப்பிடிக்கும் பொருள் வேறு. எந்தத் திரவமானாலும் பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் படக்கூடாது. ஊறும் நேரம்தான் பாதி வேலை செய்கிறது என்பதால், எது என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதையே நான் கேட்பேன்.

கே: ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட்டில் (பழைய ஆயிலை வடிக்கும் போல்ட்) வாய் திறந்த ஸ்பேனர் போட்டுத் திருகினேன். தலை உருண்டு மொழுக்கென்று ஆகிவிட்டது. இனி என்ன வழி?

ப: முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும், அழுத்த அழுத்த வாய் விரியும். டிரெயின் போல்ட்டுக்கு அது எப்போதுமே ஆகாது.

இன்னொன்றையும் சரிபாருங்கள்: சுற்றிய திசை சரிதானா? காரின் அடியில் மல்லாந்து படுத்தால் இடவலம் குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். கழட்டுவதாக நினைத்து இறுக்கி இறுக்கியே உருட்டியவர்கள் ஏராளம்.

இப்போது வரிசை. தலை 14 மி.மீ. என்றால் 13 மி.மீ. ஆறு பக்க சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். இரும்புத் தகடு சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) என்றால் மட்டும். அலுமினிய சம்ப் விரிசல் விடும். ஏறவில்லையா, உட்புறம் சுருள் பல் வைத்த எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் போடுங்கள். திருகத் திருக அதுவே கடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் 10 இஞ்ச் வைஸ் கிரிப் (பிடித்தபடி பூட்டிக்கொள்ளும் பிளையர்). பிளையர் போலப் பிடித்தால் போதாது. பின்பக்கத் திருகைக் கூட்டி, கையால் முழு பலத்தோடு அழுத்தினால்தான் மூடும் அளவுக்கு இறுக்கிவிட்டுப் பூட்டுங்கள். கடைசி வழி, தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் பற்றவைப்பது. சூடும் சேர்ந்து கழட்டிக் கொடுக்கும், ஆனால் ஆயில் நிறைந்த சம்ப்பில் வீட்டில் செய்யும் காரியமல்ல.

அவசரம் வேண்டாம். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்ப் வைத்துப் பழைய ஆயிலை உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் வண்டி ஓடும், போல்ட்டை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். பூட்டும்போது புது போல்ட், புது வாஷர். பல சிறிய கார்களுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கே: துருப்பிடித்த நட்டைச் சூடாக்கினால் கழலுமாமே. எவ்வளவு, எங்கே?

ப: கழலும். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். 10 மி.மீ. நட்டை 200 டிகிரி ஏற்றினால் துளை 0.024 மி.மீ. விரியும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், துருப் படலத்தைப் பிளக்க அது போதும். சூடு நட்டுக்குப் போக வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. இரண்டும் சேர்ந்து விரிந்தால் பயனில்லை. கேஸ் டார்ச்சை நட்டின் ஒரு பக்கம் பிடித்து, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு திருகுங்கள்.

பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், வீல் பேரிங் பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆயில் அடித்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் டார்ச். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் சூடு காட்டவே காட்டாதீர்கள், விஷவாயு கிளம்பும். ஹை டென்சைல் (அதிக இழுவலு கொண்ட) போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் வலு போய்விடும். கழட்டியதைத் தூக்கிப்போட்டுப் புதிது போடுங்கள்.

கே: பஞ்சர் கடையில் காற்று கன்னால் இறுக்கிய வீல் நட்டை, வண்டியோடு வந்த ஸ்பேனரால் அசைக்க முடியவில்லை.

ப: ஜாக்கி போடும் முன், டயர் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர். சக்கரத்தைப் பார்த்து நின்று, ஸ்பேனரை இடப்பக்கம் படுக்கையாக வருமாறு மாட்டிக் கைப்பிடியின் நுனியில் கீழ்நோக்கி அழுத்துங்கள். ஏறிக் குதிக்கக் கூடாது, நழுவினால் கணுக்கால். வண்டியில் 60 செ.மீ. பாரும் சரியான அளவு சாக்கெட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பாடே இல்லை. மரையில் கிரீஸ் தடவி இறுக்குவதும் தப்பு: உராய்வு குறைந்து, அதே டார்க்கில் (திருகு விசையில்) ஸ்டட் (நட் ஏறும் தண்டு) அளவுக்கு மீறி இழுபடும்.

கே: மேனிஃபோல்ட் (எஞ்சினோடு சேரும் குழாய்த் தொகுதி) போல்ட் தலை முறிந்து, மிச்சம் உள்ளேயே நிற்கிறது. ஈஸி அவுட் (முறிந்த போல்ட்டுக்குள் திருகி வெளியே இழுக்கும் கருவி) போடலாமா?

ப: கடைசியில் போடுங்கள். வெளியே துளியாவது நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பும் சூடும்தான் முதல் மருந்து. மட்டமாக முறிந்திருந்தால் நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல நேரம் துளை போடும்போதே மிச்சம் வெளியே வரும். ஈஸி அவுட் உள்ளே முறிந்தால், அது கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் தொடாது. எஞ்சினின் சிலிண்டர் ஹெட் அலுமினியம் என்றால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது செலவு குறைந்த வழி.

கே: டார்க் ரெஞ்சாலேயே (குறித்த விசையில் இறுக்க உதவும் ஸ்பேனர்) கழட்டலாமா?

ப: கூடாது, அளவு பிசகும். பூட்டும்போது மட்டும் எடுங்கள். வேலை முடிந்ததும் ஸ்கேலைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே இறக்காதீர்கள்.